இருபத்து நான்கு கேபிள்கள்

அந்த எண்ணில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று கணினி மூன்றாவது முறையாகச் சொன்னபோது, லூச்யான் நாற்காலியில் திரும்பி அறையை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

யாரும் இல்லை. அறையில் மட்டுமல்ல, அந்த ஐந்து மாடி விடுதியிலேயே யாரும் இல்லை.

நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாள். போலந்தின் லூப்லினில் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் முந்தாநாளே பையைத் தூக்கிக்கொண்டு அவரவர் ஊர்க் கல்லறைகளில் விளக்கேற்றப் போய்விட்டார்கள். கணினிகளை மட்டும் அணைக்காமல் விட்டுப் போயிருந்தார்கள், ஆளில்லாத நேரத்தில் படங்கள் இறங்கட்டுமே என்று. பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன. நடைவழியில் போனால் இருபுறமும் யாரோ படுத்து மூச்சு விடுவது போலக் கேட்கும். அதனால் லூச்யான் காலையிலிருந்து குளியலறைக்குக்கூட விசிலடித்துக்கொண்டுதான் போய்வந்தான்.

அவன் ஊருக்குப் போகாததற்குக் காரணம் ஒரு விண்ணப்பம். வடக்கே ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் கோடைகால முகாம். பனிப்பாறை உருகி ஓடும் தண்ணீரை அளக்க ஆறு மாணவர்களை எடுப்பார்கள். நீரியல் இரண்டாம் ஆண்டில் இருப்பவர்களுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே தடவை. பத்து வயதில் வீட்டுக்குப் பின்னால் ஆறு உறைந்து, உள்ளே தண்ணீர் பேசிக்கொண்டு போவதைக் காதை வைத்துக் கேட்ட நாளிலிருந்து அவனுக்கு வேறு ஆசை கிடையாது. விண்ணப்பம் கல்லூரி நெட்வொர்க்கில்தான் திறக்கும். இன்று மாலை நான்கு மணிக்கு மூடிவிடும். கல்லூரிக் கணினி அறை பண்டிகைக்குப் பூட்டியிருக்கும் என்பது அவனுக்கு நேற்றுத்தான், அதன் கதவு முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது.

மாமாவின் அலுவலகம் கழித்துப்போட்ட ஒரு கணினி, ஒரு மாதமாக அவன் மேசைக்கடியில் அழுக்குத் துணிக்குத் துணையாக இருந்தது. அதை எடுத்து, துடைத்து, சுவரில் இருந்த பாயிண்டில் கேபிளைச் செருகினான். முறைப்படி என்றால் கணினியின் விவரத்தை நெட்வொர்க் குழுவின் நோட்டில் எழுதிக் கொடுத்து, அவர்கள் தரும் எண்ணைப் போட வேண்டும். குழுவில் இரண்டே பேர். இரண்டு பேரும் கல்லறையில்.

‘எதையாவது ஒரு எண்ணைப் போடு, யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று போட்டுப் பார்த்தான். அறுபத்தாறு. ஆள் இருந்தது. அறுபத்தேழு. ஆள் இருந்தது. தொண்ணூறு. அங்கேயும் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. அறைத்தோழன் ப்ரோனெக் தன் கணினியை ஊருக்கு எடுத்துப் போயிருக்கிறான். அவன் எண் சும்மாதானே கிடக்கிறது?

போட்டான். திரை ஒரு நொடி வெளுத்தது. பிறகு எழுத்துகள் வந்தன: ‘அடையாளம் தெரியாத கருவி. இந்த எண்ணும் இந்த அறையின் இணைப்பும் திங்கட்கிழமை வரை நிறுத்தப்படுகின்றன.’ கணினியின் முதுகில் எரிந்துகொண்டிருந்த சின்னப் பச்சை விளக்கு அணைந்தது.

ப்ரோனெக் எடை தூக்கும் வீரன். லூச்யானின் எடை அறுபத்தோரு கிலோ.

அந்த நேரம் பார்த்து நடைவழியின் ஒலிபெருக்கி கரகரத்தது. “முந்நூத்திப் பதினேழு! டெலிபோன்!”

வாசல் அறையில் யாத்விகா அம்மா ரிசீவரைத் தன் நைலான் அங்கியில் துடைத்து நீட்டினாள். அறுபதை நெருங்கிய பெண்மணி. நூற்றைம்பது சாவிகளை முகம் பார்க்காமலே எடுத்துக் கொடுப்பாள். அவள் சிரித்து இதுவரை யாரும் பார்த்ததில்லை.

மறுமுனையில் லூச்யானின் அம்மா. “ஏன்டா, வரவே மாட்டியா?”

“அம்மா, ஒரு விண்ணப்பம்மா. இன்னிக்கு நாலு மணிக்குள்ள அனுப்பணும்.”

“தாத்தா விளக்கை நானே ஏத்திட்டேன். ரெண்டு தடவை அணைஞ்சு போச்சு. நீ வரலேன்னு கோவமோ என்னமோ.”

“அது காத்தும்மா.”

“காத்துதான்னு எனக்குத் தெரியும்டா. தாத்தாவுக்குத் தெரியணுமே.”

அவன் ரிசீவரை வைத்தபோது யாத்விகா அம்மா கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். காலடியில் ஒரு பை. உள்ளே கண்ணாடி விளக்குகள் ஒன்றோடொன்று உரசின.

“என்ன தம்பி, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?”

“கேபிள் செத்துப் போச்சும்மா. சுவத்துல இருந்து வருது, ஆனா உயிரில்ல. நாலு மணிக்குள்ள இது வேலை செய்யலேன்னா என் வாழ்க்கையே போச்சு.”

“யாரையாவது கூப்பிட்டுப் பாக்கக் கூடாதா?”

“யாரைக் கூப்பிடறது? எல்லாரும் கல்லறையில இருக்காங்க.”

“ம்,” என்றாள். “எனக்கு பல்பு மாத்தக்கூடத் தெரியாது தம்பி. நானும் போய்ட்டு வந்துடறேன். வெளியில பூட்டிக்கிட்டுப் போறேன், அஞ்சு மணிக்கு வந்துடுவேன். கட்டடத்துல நீ ஒருத்தன்தான். எதையும் கொளுத்திடாத.”

ஒன்றரை மணிக்கு வெளிக்கதவு பூட்டப்படும் சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்டது.

லூச்யான் யோசித்தான். நிறுத்தியது அறையின் இணைப்பைத்தானே? நடைவழிக் கோடியில் ஒரு இரும்பு அலமாரி இருந்தது. மூன்றாம் மாடிக் கேபிள்கள் எல்லாம் அங்கேதான் ஒரு பெட்டியில் போய்ச் சேருகின்றன. தன் அறைக் கேபிளைப் பிடுங்கி வேறு துளையில் செருகினால் போதும். குழந்தைகூடச் செய்யும் வேலை.

ஸ்டூலைப் போட்டு ஏறினான். பூட்டு ஒப்புக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருட்டில் பச்சை விளக்குகள் வரிசையாகச் சிமிட்டின. இருபத்து நான்கு கேபிள்கள், எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எதிலும் அறை எண் இல்லை.

தன்னுடையதாக இருக்கலாம் என்று தோன்றிய ஒன்றை மெல்ல இழுத்தான். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தான். பெட்டி வந்தது. பெட்டியோடு அதைத் தாங்கியிருந்த பலகையும் வந்தது. அவன் இரண்டையும் நெஞ்சில் தாங்கி, ஸ்டூலில் ஒற்றைக் காலில் நின்று, எப்படியோ விழாமல் தப்பித்தான். ஆனால் கேபிள்களின் கொக்கிகள் எல்லாம் எந்தக் காலத்திலோ உடைந்தவை. ஒவ்வொன்றாக நழுவிக் கழன்றன. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசி விளக்கு கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்து அவனைப் பார்த்துவிட்டு அணைந்தது.

மூன்றாம் மாடி முழுக்கப் படங்கள் பாதியில் நின்றுபோயின.

பெட்டியை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். ஸ்பிட்ஸ்பெர்கன் போயிற்று. திங்கட்கிழமை ப்ரோனெக்கோடு சேர்த்து இன்னும் இருபத்து மூன்று அறைக்காரர்கள் அவனைத் தேடுவார்கள். விடுதியை விட்டே துரத்திவிடுவார்கள். மணி இரண்டு இருபது.

கணினி ‘டிங்’ என்றது.

திரையின் நடுவில் ஒரு சின்னக் கட்டம் வந்திருந்தது. அதன் தலையில் ஒரு பெயர்: ஸெனோன்.

‘எதுக்குத் தம்பி அதை இழுத்த?’

லூச்யானுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, வெட்கம். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவர் யாரோ கண்டுபிடித்துவிட்டார். தட்டினான்: ‘மன்னிச்சிடுங்க சார். நீங்க யாரு?’

‘கேபிளைப் பத்திக் கேளு. என்னைப் பத்தி அப்புறம்.’

அந்தக் கணினியில் போலிஷ் எழுத்துகளோடு ஒட்டி வரும் வால்கள் எல்லாம் காலையிலிருந்தே உதிர்ந்து கேள்விக்குறிகளாகிவிட்டன. இந்த வரியில் ஒவ்வொரு வாலும் அதனதன் இடத்தில் இருந்தது.

‘எந்த ரூம்ல இருக்கீங்க சார்?’

‘காலை எடு. கேபிள் மேல நிக்கிற.’

குனிந்து பார்த்தான். நின்றுகொண்டுதான் இருந்தான், இடது காலால். மெல்லக் காலை எடுத்தான். பிறகு கண்களால் அந்தக் கேபிளைத் தொடர்ந்து போனான். கணினியின் முதுகிலிருந்து புறப்பட்டு, மேசைக் காலைச் சுற்றி, கட்டிலுக்கடியில் போய், ப்ரோனெக்கின் செருப்புக்குப் பக்கத்தில் முடிந்திருந்தது. சுவரில் செருகப்படவில்லை. மதியம் கோபத்தில் அவனே பிடுங்கி எறிந்தது.

கொஞ்ச நேரம் அந்தக் கேபிள் முனையையே பார்த்தான். பிறகு, காலையில் வந்து தேங்கிய செய்திகளை இயந்திரம் இப்போது தாமதமாகக் காட்டுகிறது என்று தனக்குத்தானே விளக்கிக்கொண்டான். காலையில் அவன் எந்தக் கேபிளையும் இழுக்கவில்லையே என்ற கேள்வியை அவன் மனம் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. ஜன்னல் வழியே பார்த்தான். பின்கட்டடத்தில் ஒரே ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது. கல்லூரியின் பெரிய இயந்திரங்கள் அங்கே இருப்பதாகக் கேள்வி. அப்பாடா! அங்கே உட்கார்ந்துதான் பார்க்கிறார். தொலைநோக்கி வைத்திருப்பார்.

கேபிளைச் சுவரில் செருகிவிட்டு வந்தான். அடுத்த கட்டம் காத்திருந்தது.

‘பேனா எடு. பேப்பர் வேணாம், தொலைச்சிடுவ. கையில எழுது. ஒவ்வொரு கேபிள் கழுத்துலயும் நூல் சுத்தி வெச்சிருக்கேன். கண்ணைத் திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.’

வரிசை வந்தது. முதல் துளைக்குச் சிவப்பு நூல். இரண்டாவது கறுப்பு, ஒரு முடிச்சு. மூன்றாவது கறுப்பு, இரண்டு முடிச்சு. உள்ளங்கை நிறைந்து, முழங்கை வரை எழுதி, மடிப்பில் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டு இருபத்து நான்கையும் எழுதி முடித்தான்.

ஓடினான். பலகையை ஆணிகளில் மாட்டினான். நூல்கள் உண்மையாகவே இருந்தன, தூசிக்கடியில், தையல்காரன் கட்டியது போல நேர்த்தியாக. ஒவ்வொன்றாகச் செருகச் செருக விளக்குகள் உயிர்பெற்றன. பதினொன்றாவது மட்டும் எரியவில்லை. என்னவென்று கேட்க அறைக்கு ஓடி வந்தான். கேட்கும் முன்பே கட்டம் திறந்திருந்தது.

‘அது கறுப்பு இல்ல, பழுப்பு. போ.’

போனான். பழுப்புதான்.

பத்தொன்பதாவதில் சந்தேகம் வந்து மறுபடி ஓடி வந்தான்.

‘சரியாத்தான் இருக்கு. ஓடி ஓடி வராத. ஷூ போட்டுக்கோ, தரை ஜில்லுனு இருக்கு.’

லூச்யான் தன் காலுறைகளைப் பார்த்தான். நடைவழியில் ஜன்னலே கிடையாது என்பது அப்போது அவன் ஞாபகத்துக்கு வந்தது. தொலைநோக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சுவரைத் துளைத்துப் பார்க்காது. இதற்கு என்ன விளக்கம் சொல்லலாம் என்று தேடினான். மணி மூன்று பத்து. விளக்கத்துக்கு நேரமில்லை. ஷூவைப் போட்டுக்கொண்டான்.

இருபத்து மூன்று விளக்குகள் எரிந்தன. ஒரே ஒரு கேபிளைக் காணோம், வெள்ளை நூல் கட்டியது. அறைக்கு நடந்தே போனான், ஓட மனமில்லாமல்.

‘உன் ரூம் கேபிள்தான் அது. பலகைக்குப் பின்னாடி சந்துல விழுந்துடுச்சு. கையை உள்ள விட்டு எடு.’

‘எவ்வளவு தூரம் சார்?’

‘தோள் வரைக்கும் விடு.’

பலகைக்குப் பின்னால் சுவரில் ஒரு சந்து இருந்தது, ஐந்து மாடிக்கும் கேபிள்கள் இறங்குகிற குழி. உள்ளே கும்மிருட்டு. அடியிலிருந்து ஈரமண் வாசனையோடு குளிர்காற்று வந்தது. லூச்யான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டான். முழங்கை போயிற்று. தோள் போயிற்று. விரல்களுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. இன்னும் நுனிக்காலில் எக்கினான். வெறும் காற்று. துழாவினான். வெறும் குளிர்.

“கிடைக்கலியே சார்,” என்று தன்னையறியாமல் வாய்விட்டுச் சொன்னான்.

கேபிள் அவன் உள்ளங்கையில் வைக்கப்பட்டது. விழவில்லை, படவில்லை. வைக்கப்பட்டது. அதோடு, கீழே போட்டுவிடப் போகிறான் என்பது போல, அவன் விரல்களும் ஒவ்வொன்றாக மடக்கி மூடப்பட்டன.

அதன் பிறகு ஓடவில்லை என்றுதான் லூச்யான் பின்னாளில் சொல்வான். கேபிளை இருபத்து நான்காவது துளையில் செருகியதும், அலமாரியைச் சாத்தியதும், முந்நூற்றுப் பதினேழின் கதவைத் தாளிட்டதும் அவன் நினைவில் இல்லை. கதவைத் தாளிட்டு முதுகால் அழுத்திக்கொண்டு நின்றபோது, எதிரே திரையில் கட்டம் தயாராக இருந்தது.

‘நாலாம் நம்பரைப் போடு.’

ஒற்றை விரலால் தட்டினான்: ‘அதுல ஆள் இருந்தா?’

‘என்னோடதுதான். நான் இப்ப உபயோகிக்கறதில்ல.’

போட்டான். யாரும் இருப்பதாகக் கணினி சொல்லவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. விண்ணப்பம் திறந்தபோது மணி மூன்று நாற்பத்தொன்று. பெயர், பிறந்த தேதி, மதிப்பெண்கள். ‘எதற்காக வர விரும்புகிறீர்கள்?’ என்ற கட்டத்துக்கு ஒரு வாரமாக அழகான பத்தி ஒன்று எழுதி வைத்திருந்தான். அதைத் தட்ட நேரமில்லை. ‘பனிக்கு உள்ளே தண்ணீர் பேசும். அதைக் கேட்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினான். அனுப்பினான். திரை யோசித்தது. மூன்று ஐம்பத்தாறுக்குப் பதில் வந்தது: ‘பெற்றுக்கொண்டோம்.’

லூச்யான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. குன்றுக்குக் கீழே கல்லறை மதிலைத் தாண்டி ஆயிரக்கணக்கான விளக்குகளின் செம்மை மேகத்தில் படிந்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பயமும் மெல்லக் கரைந்தது. சந்துக்குள் கேபிள் ஏதாவது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். குளிரில் விரல்கள் தாமே மடங்கியிருக்கும். மனிதர் நல்ல மனிதர்.

‘சார், ரொம்ப நன்றி. உயிரைக் காப்பாத்திட்டீங்க. திங்கட்கிழமை கேக் வாங்கிக்கிட்டு உங்க இடத்துக்கு வரேன்.’

‘வேணாம். வராத. அவசரமே இல்ல.’

‘ஒரு தடவையாவது பாக்கணும் சார்.’

‘பாக்கலாம். மெதுவா வா. அவகிட்ட மட்டும் சொல்லிடு, வேலை முடிஞ்சுதுன்னு. இல்லேன்னா மறுபடி வந்து நின்னு சொன்னதையே சொல்லிக்கிட்டிருப்பா.’

‘யாருகிட்ட சார்?’

கட்டம் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறக்கப் பார்த்தான். அந்தப் பெயரில் நெட்வொர்க்கில் யாரும் இல்லை என்றது கணினி.

‘அவள்’ யாராக இருக்கும்? ஒரு நிமிடம் யோசித்ததும் எல்லாம் பளிச்சென்று விளங்கியது. யாத்விகா அம்மாதான்! போகிற வழியில் பொதுத் தொலைபேசியிலிருந்து பின்கட்டடத்துக்குப் பேசிச் சொல்லியிருக்கிறாள். முகத்தில் சிரிப்பில்லாவிட்டாலும் மனசு தங்கம். லூச்யான் அடுப்பறைக்குப் போய், இந்த முறை விசிலடிக்காமல், எலுமிச்சைத் துண்டு போட்டு இரண்டு கண்ணாடி டம்ளரில் தேநீர் தயாரித்தான்.

ஐந்து மணிக்கு வெளிக்கதவு திறந்தது. யாத்விகா அம்மா மெழுகு வாசனையோடும் சேற்றுக் காலணிகளோடும் உள்ளே வந்து, வாசல் அறை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அம்மா, டீ.”

“கொளுத்தலியே எதையும்?”

“இல்லம்மா. வேலை முடிஞ்சுது! நாலு மணிக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்துடுச்சு.” டம்ளரை அவள் முன்னால் வைத்தான். “நீங்கதான் ஆள் அனுப்பினீங்கன்னு தெரியும். அவரும் உங்ககிட்ட சொல்லிடச் சொன்னாரு.”

காலணி ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்த யாத்விகா அம்மாவின் கை நின்றது. “யாரு?”

“ஸெனோன் சார்.”

அவள் காலணியைக் கையில் பிடித்தபடியே அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் நிறைந்தன. பிறகு அந்த முகம் மெல்ல மெல்லச் சிவந்து, காலணி தரையில் ‘டமார்’ என்று விழுந்தது.

“மத்தியானம் கல்லறையில விளக்கை வெச்சுட்டு, ‘மூணாம் மாடியில ஒரு பையன் அல்லாடறான், போய் என்னன்னு பாருங்க’ன்னு சும்மா ஒரு வார்த்தை சொன்னேன், உடனே கிளம்பி வந்துட்டாரா? உயிரோட குடும்பம் நடத்தின முப்பத்தோரு வருஷத்துல எங்க வீட்டுக் குழாயை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சொன்ன அன்னிக்கே சரிபண்ணியிருப்பாராய்யா அந்த மனுஷன்!”